வெற்றுத் தாளில் ஒரு வரி: ஹாவர்த் குருமனையின் பிள்ளைகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிப்பது சில ஆண்டுகளாக என் வழக்கம். அழைத்துப் போக வரும் பெற்றோர் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “எந்நேரமும் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள். ஏன்?” மழை பெய்தால் புல் முளைப்பதுபோலப் படிப்பு வந்தால் எழுத்தும் வந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படித் தானாக முளைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடக்க வேண்டியிருக்கிறது.

அது என்ன என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று, இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மலைப்பகுதியில் ஹாவர்த் என்ற சிற்றூரில் இருக்கிறது. ‘ஜேன் ஐர்’ எழுதிய சார்லட் பிரான்ட்டி, ‘வுதரிங் ஹைட்ஸ்’ எழுதிய எமிலி, ‘ஆக்னஸ் கிரே’ எழுதிய ஆன் ஆகிய மூவரும் அக்கா தங்கைகள். ஒரே வீட்டில், ஒரே மேசையில் எழுதியவர்கள். மூவரின் முதல் நாவல்களும் 1847ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களுக்குள் அச்சில் வந்தன. இது எப்படி நடந்தது என்று வியப்பவர்கள், பிறவி மேதைமை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பெண்கள் சிறுமிகளாக இருந்தபோது எழுதிய தாள்கள் ஏராளமாகப் பிழைத்திருக்கின்றன. படிப்பு எப்படி எழுத்தாக மாறியது என்பதை ஏறக்குறைய மாதவாரியாக அவற்றில் பார்க்கலாம். இந்த ஆய்வுக்கு நான் அவர்களைத் தேர்ந்தது அதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. அதே வீட்டில் நான்காவதாக ஒரு பையன் இருந்தான். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீடும் அலமாரியும்

தந்தை பேட்ரிக் அயர்லாந்தில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் 1777இல் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். படிப்பின் பலத்தால் மட்டுமே 1802இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, பிறகு போதகரானார். புத்தகத்தால் வாழ்க்கை மாறிய மனிதர் புத்தகத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அவரும் எழுதினார் என்பது. 1811இலும் 1813இலும் அவருடைய கவிதைத் தொகுப்புகள் வெளியாயின. பெரிய கவிதைகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் தங்கள் அப்பாவின் பெயர் அச்சிட்ட புத்தகம் வீட்டு அலமாரியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, நூலாசிரியர் என்பவர் எங்கோ வானத்தில் இருக்கும் ஆள் இல்லை. காலையில் கூடவே உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் ஆள்.

1820இல் அந்தக் குடும்பம் ஹாவர்த் குருமனைக்கு, அதாவது போதகருக்கான வீட்டுக்கு, குடிவந்தது. அடுத்த ஆண்டே தாய் மரியா இறந்துபோனார். ஆறு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஏழு வயது, கடைக்குட்டி ஆனுக்கு இரண்டுகூட நிறையவில்லை. தாயின் அக்கா தெற்கிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். மூத்த மகளின் பெயரும் மரியாதான். அந்தச் சிறுமி செய்தித்தாளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம். வெளியே வரும்போது நாடாளுமன்ற விவாதம் வரைக்கும் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வாளாம். தம்பி தங்கைகளுக்குச் செய்தி வாசித்தவள் அவள்தான்.

1824இல் நான்கு பெண்கள் போதகர்களின் மகள்களுக்கான ஓர் உண்டுறை பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். குளிரும் கெட்ட உணவும் காய்ச்சலும் நிறைந்த இடம். 1825 மே மாதத்தில் மரியாவும் ஜூன் மாதத்தில் இரண்டாமவள் எலிசபெத்தும் காசநோயில் இறந்தார்கள். முறையே பதினொன்று, பத்து வயது. மிஞ்சியிருந்த சார்லட்டையும் எமிலியையும் தந்தை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகள் நான்கு பிள்ளைகளும் வீட்டில்தான். சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். எழுத்து தொடங்கியது இந்த ஆண்டுகளில்.

வீட்டில் என்ன படிக்கக் கிடைத்தது? பைபிள், ஈசாப் கதைகள், அராபிய இரவுக் கதைகள், மில்டன், ஸ்காட், பைரன். எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று தமிழில் காவியமாக்கினாரே, அதற்கு மூலமான பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’. தாமஸ் பியூயிக்கின் ‘பிரிட்டிஷ் பறவைகள்’ என்ற நூலின் மரச்செதுக்குப் படங்களைப் பிள்ளைகள் மணிக்கணக்காகப் பார்த்து வரைந்தார்கள். தாயின் சீதனமாக வந்த நூல்களும் இருந்தன. அவர் திருமணத்துக்கு முன் கடல்வழியே அனுப்பச் சொன்ன பெட்டி கப்பல் தரைதட்டியதில் உடைந்துபோனது. தப்பித்த சில நூல்களில் உப்புநீர்க் கறை படிந்திருந்தது. இவற்றில் பல, இன்று நாம் “குழந்தைகளுக்கானவை” என்று பிரித்து வைக்கும் நூல்கள் அல்ல. இதைப் படி, இதைத் தொடாதே என்று தந்தை தடுக்கவும் இல்லை. பைரனைத் தம் மகள்கள் கையில் கொடுக்காத போதகர்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர்.

‘அப்பா எனக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்’

1829 மார்ச் 12. சார்லட்டுக்குப் பதின்மூன்று நிறைய இன்னும் சில வாரங்கள். சமையலறை மேசையில் உட்கார்ந்து ‘இந்த ஆண்டின் வரலாறு’ என்று தலைப்பிட்டு எழுதுகிறாள். அதன் தொடக்கம் இது: முன்பு ஒருமுறை அப்பா அக்கா மரியாவுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்; அது ஒரு பழைய புவியியல் நூல்; அதன் வெற்றுத் தாளில் அவள் ‘அப்பா எனக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தார்’ என்று எழுதினாள்; அந்தப் புத்தகம் நூற்று இருபது ஆண்டு பழையது; இந்த நொடியில் என் முன்னால் கிடக்கிறது.

இந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அக்கா இறந்து நான்கு ஆண்டு ஆகப்போகிறது. அழுகை என்ற சொல்லே இல்லை. ஒரு புத்தகம், அதில் ஒரு வெற்றுத் தாள், அந்தத் தாளில் ஒரு சிறுமியின் கையெழுத்து, அதைப் பார்த்துக்கொண்டே எழுதத் தொடங்கும் இன்னொரு சிறுமி. படிப்பு எழுத்தாகும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

தொடர்ந்து படித்தால் வீடே தெரிகிறது. பணிப்பெண் டாபி காலை உணவுப் பாத்திரங்களைக் கழுவுகிறாள். ஆன் நாற்காலிமேல் முழந்தாளிட்டு, டாபி சுட்டுவைத்த கேக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எமிலி கூடத்தில் விரிப்பைத் துடைக்கிறாள். பெரியம்மா மாடியில். அப்பாவும் பிரான்வெலும் நான்கு மைல் தள்ளி இருக்கும் கீத்லிக்குப் போயிருக்கிறார்கள். எதற்காக? செய்தித்தாள் வாங்கிவர. பிறகு அந்தச் செய்தித்தாள்களின் பட்டியல்: வாரம் இரண்டு வாங்குகிறோம், மூன்று பார்க்கிறோம். ஒன்று டோரி கட்சி சார்பு, மற்றொன்று விக் சார்பு. இரவலாக வரும் மூன்றாவது தீவிர டோரி. ‘பிளாக்வுட்ஸ்’ மாத இதழும் இரவல்தான். இதழ்களிலேயே மிகத் திறமையானது அதுதான் என்று அவள் தீர்ப்பே எழுதிவிடுகிறாள்.

எதிரெதிர்க் கட்சிப் பத்திரிகைகள் இரண்டையும் ஒரே வீட்டில் வாங்கிப் போட்டது சாதாரண விஷயம் அன்று. ஒரே செய்தியை இரண்டு விதமாகச் சொல்ல முடியும் என்பதைப் பாடம் எதுவும் நடத்தாமலே அது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அதே 1829இல் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை தரும் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, அப்பா பத்திரிகையின் உறையைக் கிழித்ததையும், எல்லோரும் அவரைச் சுற்றி நெருங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டதையும் சார்லட் தன் கதை ஒன்றின் நடுவிலேயே எழுதிவைத்திருக்கிறாள். படிப்பு அந்த வீட்டில் மூலையில் உட்கார்ந்து தனியாகச் செய்யும் காரியமாக மட்டும் இருக்கவில்லை. வாய்விட்டுப் படித்தார்கள். பேசினார்கள். சண்டை போட்டார்கள்.

பன்னிரண்டு மரச் சிப்பாய்கள்

இனி விளையாட்டு. 1826 ஜூன் 5 அன்று தந்தை லீட்ஸ் நகரத்திலிருந்து பிரான்வெலுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். மறுநாள் காலையில் அவன் பெட்டியோடு அக்கா தங்கைகளின் அறைக்கு ஓடிவந்தான். படுக்கையிலிருந்து குதித்த சார்லட் ஒன்றைப் பறித்துக்கொண்டு, இதுதான் வெலிங்டன் பிரபு, இது எனக்குத்தான் என்றாள். பிரான்வெல் தன்னுடையதற்கு போனபார்ட் என்று பெயர் வைத்தான். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். எமிலிக்கு ஏழு வயது, ஆனுக்கு ஆறு.

கடையில் வாங்கிய பொம்மைக்கு அந்த நொடியிலேயே வெலிங்டன் என்ற பிரிட்டிஷ் படைத்தலைவரின் பெயர் வந்தது செய்தித்தாளிலிருந்து. அந்தச் சிப்பாய்கள் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிக் கண்ணாடி நகரம் என்ற ஊரைக் கட்டியது, புவியியல் நூலிலிருந்தும் ‘பிளாக்வுட்ஸ்’ கட்டுரைகளிலிருந்தும். சிப்பாய்கள் செத்தால் உயிர்கொடுக்கும் நான்கு பூதங்கள், டாலி, பிரானி, எம்மி, ஆனி, அராபிய இரவுகளிலிருந்து இறங்கி வந்தவை. அந்தப் பூதங்கள் வேறு யாருமில்லை, பிள்ளைகளேதான். படித்த நூல்கள் ஒன்றோடொன்று கலந்து, தங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டு, தரையில் ஓடி விளையாடின.

1827 டிசம்பர் இரவு ஒன்று. குளிர். மெழுகுவத்தி ஏற்ற டாபி மறுத்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறான் பிரான்வெல். போய்ப் படுங்கள் என்கிறாள் டாபி. அதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்கிறான். சலிப்பிலிருந்து பிறக்கிறது அடுத்த விளையாட்டு: நமக்கு ஆளுக்கொரு தீவு இருந்தால்? நால்வரும் நான்கு தீவுகளைத் தேர்ந்து, அங்கே குடியேற்ற வேண்டிய பெரிய மனிதர்களையும் முடிவு செய்கிறார்கள். மணி ஏழு அடித்ததும் படுக்கைக்குத் துரத்தப்படுகிறார்கள். இன்றைய வீடுகளில் பிள்ளைக்குச் சலிப்பு வர நாம் விடுவதே இல்லை. அதற்குள் கையில் ஏதாவது ஒரு திரையைக் கொடுத்துவிடுகிறோம். அந்த இருட்டும் சும்மா இருந்த நேரமும் இல்லாவிட்டால் அந்தத் தீவுகளும் இருந்திருக்கா.

எழுதத் தெரிவதற்கு முன்பே இவர்கள் கதையை வாழ்ந்துவிட்டார்கள். நான் நூலகத்தில் முன்பு செய்துவந்த தவறு இங்கேதான் எனக்கு உறைத்தது. கதையைப் படித்து முடித்ததும் “சரி, இப்போது எழுதுங்கள்” என்று தாளை நீட்டுவேன். நடுவில் இருக்க வேண்டிய விளையாட்டை விட்டுவிட்டேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு மாத இதழ்

1829 ஜனவரியில் பிரான்வெல் ஒரு பத்திரிகை தொடங்கினான். வயது பதினொன்று. பெயர் அப்படியே ‘பிளாக்வுட்ஸ்’ என்று இரவல் வாங்கியது. ஆகஸ்டில் சார்லட் ஆசிரியப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். விலகிப் போனவன், தான் ஒரு செய்தித்தாள் நடத்தப்போவதால் நேரமில்லை என்று வாசகர்களுக்குக் கம்பீரமாக அறிவித்துவிட்டுப் போனான்.

நம் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர்களும் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூடு தெரியும். ஒரே பிரதி, கைமாறிக் கைமாறிப் போகும். ஹாவர்த் இதழ்களின் அளவுதான் வேறு. 1830இல் சார்லட் எழுதிய ஓர் இதழ் 61 மில்லிமீட்டர் நீளமும் 35 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. தீப்பெட்டியைவிடப் பெரிதாகச் சொல்ல முடியாது. அதன் இருபது பக்கங்களுக்குள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அச்செழுத்தைப் போலவே தெரிய வேண்டும் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாள். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. 2019இல் பாரிஸ் ஏலத்தில் 6 லட்சம் யூரோவுக்கு அந்த இதழை வாங்கி, அது பிறந்த வீட்டுக்கே, இன்றைய பிரான்ட்டி அருங்காட்சியகத்துக்கே, கொண்டுவந்தார்கள்.

ஏன் இவ்வளவு சிறிதாக? வாசகர்கள் மரச் சிப்பாய்கள். அவர்கள் கைக்கு ஏற்ற அளவு வேண்டுமல்லவா? தாளும் மலிவில்லை. பிரிட்டனில் அப்போது தாளுக்கு வரி இருந்தது. சர்க்கரை கட்டிவந்த தாள், பொட்டலத் தாள், சுவரொட்டித் துண்டு எதுவானாலும் வெட்டி மடித்து, ஊசிநூலால் முதுகில் தைத்துவிடுவார்கள். பெரியவர்களின் கண்ணால் எளிதில் படிக்க முடியாது என்பதும் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. மேற்பார்வை இல்லாத எழுத்து அது.

உள்ளடக்கத்தைப் பாருங்கள். பொருளடக்கம், கதை, பயணக் குறிப்பு, கவிதை, ஆசிரியருக்குக் கடிதம், ஓவிய விமர்சனம், கடைசியில் விளம்பரம். ஒரு மாத இதழின் எலும்புக்கூடு முழுவதும் இருக்கிறது. படித்ததன் பொருளை மட்டும் இந்தப் பிள்ளைகள் உள்வாங்கவில்லை, அது கட்டப்பட்ட விதத்தையும் கவனித்து எடுத்துக்கொண்டார்கள். ‘எதை எழுதுவது’ என்ற திகைப்புக்கு இடமே இல்லை. இதழுக்கு இன்னும் ஒரு கடிதம் வேண்டும், ஒரு விளம்பரம் வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கொரு புனைபெயர். பிரான்வெல் ‘இளைய சோல்ட்’ என்ற கவிஞன். அவனுடைய ஆர்ப்பாட்டமான கவிதைகளைக் கேலி செய்து 1830இல் சார்லட் ஒரு நாடகமே எழுதினாள். இந்த வீட்டில் எழுதியவருக்கு மறுநாளே வாசகர் உண்டு, விமர்சகர் உண்டு, அவர் பக்கத்துப் படுக்கையில் தூங்குபவர்.

தாங்கள் எழுதியதன் கணக்கும் வைத்தார்கள். 1830 ஆகஸ்ட் 3ஆம் தேதியிட்டு, தான் இதுவரை எழுதிய நூல்களின் பட்டியலைத் தயாரித்த சார்லட், மொத்தம் இருபத்திரண்டு தொகுதிகள் என்று கூட்டிப் போட்டிருக்கிறாள். வயது பதினான்கு. 1829 டிசம்பரில் அவள் செய்த ஒரு சிறு கவிதை நூலின் தலைப்பில் ‘கவிதைகள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கின்றன. அந்த எழுத்துப்பிழையோடேயே 2022இல் அது 12.5 லட்சம் டாலருக்கு விலைபோய், அதே அருங்காட்சியகத்தை வந்தடைந்தது. அன்றைக்கு யாராவது சிவப்பு மையோடு அந்த அட்டைமேல் குனிந்திருந்தால்? அடுத்த நூலை அவள் தைத்திருப்பாளா என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நல்லதும் அல்லதும்

படித்ததெல்லாம் பொன்னாக வந்து சேர்ந்ததாக எழுதினால் அது பொய். கண்ணாடி நகரம் எங்கே கட்டப்பட்டது? அசாந்தி மக்களின் மண்ணில். பன்னிரண்டு வெள்ளைச் சிப்பாய்கள் கப்பலில் இறங்கி, அங்கே இருந்தவர்களை வென்று நாடு பிடிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் படித்த இதழ்களும் போற்றிய வெலிங்டனும் அதைச் சொல்லிக்கொடுத்தன. அந்த வெலிங்டன் யாரென்று நமக்கு நன்றாகவே தெரியும். திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்றவர். குழந்தை படிக்கும்போது சொல்லழகோடு அந்தக் காலத்தின் கண்மூடித்தனமும் சேர்ந்தே உள்ளே போகிறது; எழுதும்போது இரண்டும் சேர்ந்தே வெளியே வருகிறது. இந்தச் சிறார் எழுத்துகளைக் காதலோடு படிக்கும் எனக்கு இந்த இடம் எப்போதும் வலிக்கிறது. வலிக்கிறது என்பதற்காக இதை ஆய்விலிருந்து நீக்கிவிட முடியாது.

இன்னொன்று, போதை. 1831இல் பள்ளிக்குப் போன சார்லட், பிறகு அதே பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்த்தாள். அவளும் பிரான்வெலும் 1834இலிருந்து கட்டியெழுப்பிய அங்கிரியா என்ற கற்பனை நாடு அவளை விடவில்லை. வகுப்பு நடக்கும்போதே அந்த நாட்டு மனிதர்கள் கண்முன் வந்து நின்றார்கள். மாணவி ஒருத்தி பாடத்தோடு வந்து கனவைக் கலைத்தால் வெறுப்பு பொங்கியது என்று அவளே குறித்திருக்கிறாள். எமிலியும் ஆனும் பிரிந்துபோய் கோண்டல் என்ற தங்கள் நாட்டை உருவாக்கிக்கொண்டார்கள். எமிலியிடம் இந்தச் சிக்கலைக் காணோம். 1834 நவம்பரில் அவளும் ஆனும் எழுதிவைத்த குறிப்பில், உருளைக்கிழங்கு உரிக்க வா என்று டாபி அதட்டுவதும், கோண்டல் நாட்டார் புதிய தீவின் உட்பகுதியைக் கண்டுபிடிப்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. சமையலறையும் கற்பனை நாடும் அவளுக்குள் அக்கம்பக்கத்து வீடுகள். ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் பேய்க்காற்றுக்கு நடுவே வீட்டு வேலையும் நடந்துகொண்டே இருப்பதன் வேர் இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். கோண்டலின் கவிதைகள் மிஞ்சின. உரைநடைக் கதைகள் அத்தனையும் அழிந்துவிட்டன.

பிரான்வெல்

அதே அலமாரி, அதே செய்தித்தாள், அதே மேசை. பத்திரிகையைத் தொடங்கியவனே அவன்தான். 1841இல் ஹாலிஃபாக்ஸ் நகரப் பத்திரிகையில் கவிதை வெளியாகி, அந்த நான்கு பேரில் முதலில் அச்சேறியவனும் அவனே. குடும்பத்தின் நம்பிக்கையெல்லாம் அவன்மேல். ஓவியனாகப் பார்த்தான்; ரயில்வே குமாஸ்தாவாகப் போய்க் கணக்கில் பணம் குறைந்ததால் வேலையிழந்தான்; வீட்டு ஆசிரியராகப் போன இடத்திலிருந்தும் திரும்பி வந்தான். குடியும் அபினியும் சேர்ந்துகொண்டன. 1848 செப்டம்பரில் முப்பத்தோராவது வயதில் இறந்தான்.

சிறுவயதில் படித்த படிப்பு எழுத்தின் மேல் காதலை உண்டாக்கும் என்பதற்கு அவனும் சான்று. அந்தக் காதல் அவனைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் ஒரு நூலை முடிக்க வேறு பலமும் வேண்டியிருக்கிறது. சகோதரிகளுக்கு அது எங்கிருந்து வந்தது? இருபது வயதில் சார்லட் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சவுத்திக்கு அனுப்பினாள். இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று 1837 மார்ச்சில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை, என்றென்றும் காப்பாற்ற வேண்டிய அறிவுரை என்று தன் கையால் எழுதிப் பத்திரப்படுத்திவைத்தாள். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. பெண்களிடம் உலகம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பிரான்வெலிடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தது. தோற்றுக்கொண்டே எழுத அவர்களுக்கு இடம் இருந்தது என்பது என் ஊகம். பிள்ளையின் முதல் கவிதையைப் பார்த்தவுடன் மேடையேற்றத் துடிக்கும் பெற்றோரிடம் இந்தப் பையனின் கதையைத்தான் சொல்கிறேன்.

விடைபெறுதல்

1839 வாக்கில் சார்லட் ஒரு சிறு குறிப்பு எழுதினாள். இத்தனை ஆண்டுகள் தங்கியிருந்த அந்த எரியும் நாட்டை விட்டுச் சிறிது காலம் விலகிப்போக ஏங்குகிறேன். விடியல் சாம்பல் நிறத்தில் அமைதியாக வரும் குளிர்ந்த பகுதிக்கு மனம் திரும்ப வேண்டும் என்கிறாள். பழகிய முகங்களைப் பிரிவது நெருங்கிய நண்பர்கள் நிறைந்த வீட்டின் வாசலில் நின்று விடைபெறுவதுபோல் இருந்தது அவளுக்கு. படித்த நூல்களால் கட்டிய அங்கிரியா நாடு அது. அதை விட்டு வெளியேறித் தான் கண்ட வாழ்க்கைக்குள் வருவதற்கு அவளுக்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

1846 மே மாதம் மூன்று சகோதரிகளும் ஆண்பெயர்போல் ஒலிக்கும் புனைபெயர்களில், பெரியம்மா விட்டுப்போன பணத்திலிருந்து 31 பவுண்டு 10 ஷில்லிங் கட்டிக் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். ஓராண்டில் இரண்டு பிரதிகள் விற்றன. இரண்டே இரண்டு. அப்படியும் எழுதினார்கள். ஹாவர்த்தில் தாள் விற்ற கடைக்காரர், அவர்கள் கேட்கும்போது இல்லையென்று சொல்லக் கூடாதே என்று அரை ரீம் தாளுக்காகப் பத்து மைல் தள்ளியிருந்த ஹாலிஃபாக்ஸுக்கு நடந்தே போய்வந்ததாகப் பின்னாளில் சொன்னார். அவ்வளவு தாளை இந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று அவருக்கு அப்போது புரியவில்லை.

1847 அக்டோபரில் ‘ஜேன் ஐர்’ வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சன்னல் திட்டில், சிவப்புத் திரைக்குப் பின்னால் கால்களை மடக்கி உட்கார்ந்து ஒரு புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பியூயிக்கின் பறவைகள். அத்தை மகன் அந்தப் புத்தகத்தை வாங்கி அவள்மேலேயே வீசுகிறான். தலையில் இரத்தம் வடிகிறது. 1830இன் தீப்பெட்டி இதழில் ஒரு கொலைகாரனின் தலைக்குள் எரியும் தீ படுக்கைத் திரைகளைப் பற்றிக்கொள்ளும் காட்சி உண்டு; அந்தத் தீ இந்த நாவலில் நாயகன் ரோச்செஸ்டரின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. பள்ளியில் ஜேனுக்கு முதல் தோழி கிடைப்பதும் புத்தகத்தால்தான். தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஹெலன் என்ற பெண்ணிடம் போய், உன் புத்தகம் சுவையாக இருக்கிறதா என்று கேட்கிறாள். அந்த ஹெலன் காசநோயில் இறந்துபோகிறாள். அவள் யாரை வைத்து எழுதப்பட்டாள் என்பதைச் சார்லட் மறைக்கவில்லை. வெற்றுத் தாளில் ஒரு வரி எழுதிவிட்டுப் போன அக்கா மரியாதான்.

மேசையைச் சுற்றி

இரவு ஒன்பது மணிக்குப் பெரியம்மா படுக்கப் போனதும், சகோதரிகள் உணவறை மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். எழுதியதைப் படித்துக்காட்டுவதும், கதையை மேலே எப்படிக் கொண்டுபோவது என்று பேசுவதும் அந்த நடையில்தான். சிறுவயதுப் பழக்கம், பெரியம்மா இறந்த பிறகும், நாவல்கள் எழுதிய ஆண்டுகளிலும் தொடர்ந்தது. 1848 டிசம்பரில் எமிலி இறந்துபோனாள். 1849 மே மாதம் ஸ்கார்பரோ கடற்கரையூரில் ஆனும் போனாள். ஹாவர்த்துக்குத் திரும்பிய சார்லட், ‘ஷெர்லி’ நாவலை நிறுத்திய இடத்திலிருந்து மறுபடியும் எடுத்தாள். அப்போது அவள் எழுதிய அத்தியாயத்துக்கு இட்ட தலைப்பு ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’. சங்கீதத்தில் வருவது, சின்ன வயதில் படித்த பனியனின் யாத்திரிகன் நடந்து கடந்த இடம்.

இரவில் அவள் அந்த மேசையைச் சுற்றித் தனியாக நடந்துகொண்டே இருப்பதைக் கேட்கக் கேட்க நெஞ்சு வலிக்கிறது என்று அந்த வீட்டுப் பணிப்பெண் சொல்லியிருக்கிறாள். நாவல் அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது.